மாற்றிப் போட்ட சட்டை

அலுவலகத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி போட்ட பூனை என்று முழுதாகச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. கையில் ஒரு செய்தி இருந்தால் அவளால் நாற்காலியில் தங்க முடியாது. ஜன்னலிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஆசிரியர் அறைக் கதவுக்கு, அங்கிருந்து மறுபடி ஜன்னலுக்கு. மேசைத் தொலைபேசி இருந்த காலத்தில் பேசிக்கொண்டே நடந்து, கம்பி போதாமல் கருவியைக் கீழே இழுத்துப் போட்டு உடைத்திருக்கிறாள். அவள் நடக்கும் தடத்தில் மட்டும் சிமெண்டுத் தரை பளபளப்பாக இருக்கிறது என்று பக்கம் வடிவமைப்பவர் சத்தியம் செய்வார்.

"கொஞ்சம் உக்காரும்மா. உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கால் வலிக்குது" என்பார் ஆசிரியர்.

"பார்க்காதீங்க சார்."

"பார்க்கலைன்னாலும் சத்தம் கேக்குதே."

வீட்டிலும் அதே கதைதான். கணவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். முன்னறையில் எப்போதும் கதவு கழற்றிய பெட்டிகள் இரண்டு மூன்று நிற்கும். அவற்றுக்கு நடுவே உள்ள சந்தில் அவள் நடப்பாள். "நான் கேஸ் போனதைத் திறக்கிறேன், நீ ஆறிப் போனதைத் திறக்கிற. நம்ம வீட்ல எதையும் மூடி வைக்கிறதுக்கு ஆளே இல்ல" என்பார். சொல்லிவிட்டு, அவள் கால் படும் இடத்தில் கிடக்கும் ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைப்பார்.

ஆறிப் போனது என்று அவர் சொன்னது போரை.

அவள் படித்து நிருபரானவள் அல்ல. பத்திரிகையில் சேர்ந்தது முன்கூடத்தில் விளம்பரம் வாங்கும் கவுண்டரில். போர் முடிந்த வருடம் அது. 'காணவில்லை' என்பது ஒரு வகை விளம்பரம், 'மரண அறிவித்தல்' இன்னொரு வகை. இரண்டுக்கும் பக்கமே வேறு. ஒருநாள் ஒரு பெண் தன் தம்பியின் படத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள்.

"எதுல போடணும்?" என்று இவள் கேட்டாள்.

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வரப் போறேன்?" என்றாள் அந்தப் பெண்.

கடைசியாகப் பார்த்த இடம் எது என்று கேட்டதற்கு, ஆற்றங்கரை உரக் கிடங்கு என்றாள். சண்டை நெருங்கியபோது, சுவர் தடிமனாக இருக்கிறது என்று நம்பி ஜனங்கள் போய் ஒதுங்கிய கட்டடம் அது. சில நாள் கழித்து வேறொருவர் வேறொரு படத்தோடு வந்தார். அதே உரக் கிடங்கு. பிறகு ஒரு தச்சர், மனைவியும் மாமனாரும் சேர்ந்து நிற்கும் படத்தோடு வந்தார். அதே கிடங்கு. அன்று கவுண்டரை விட்டு எழுந்தவள்தான். அதற்குப் பிறகு எங்கேயும் சரியாக உட்காரவே இல்லை என்பது கணவரின் கணக்கு.

அரசாங்கம் சொன்னது மிகவும் எளிமையானது. கிடங்கு காலியாக இருந்தது, சண்டையில் கூரை விழுந்தது, அவ்வளவுதான். அன்று அங்கே யார் பொறுப்பில் இருந்தார்கள் என்று அவள் எழுதிக் கேட்டாள். நாட்டின் பாதுகாப்பு கருதிச் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. காலிக் கிடங்கில் பாதுகாக்க என்ன இருக்கிறது என்று திரும்பவும் எழுதினாள். அதற்கும் அதே பதில். நேரில் போய் அமைச்சகத்தின் நடைகூடத்தில் காத்திருப்பாள், நடந்தபடி. செய்தித் தொடர்பாளர் அவளைக் கண்டதும் கையை விரித்து வரவேற்பார்.

"வாங்க உரக்கார அம்மா. இந்த வருசம் விளைச்சல் எப்படி?"

"விதைச்சது நீங்க. நீங்கதான் சார் சொல்லணும்."

அவர் சிரித்து டீ வரவழைப்பார். டீ வரும், பதில் வராது. அமைச்சர்கள் மாறினார்கள், தொடர்பாளர்களும் மாறினார்கள். போகிறவர் வருகிறவரிடம் சாவியோடு சேர்த்து அந்த நகைச்சுவையையும் ஒப்படைத்துவிட்டுப் போவார் போலிருக்கிறது. புது ஆளும் முதல் நாளே விளைச்சலைப் பற்றித்தான் கேட்பார்.

இப்படியே வருடங்கள் போய், கடைசியில் ஒருவர் பேசினார்.

ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தவர் அவர். போர்க்காலத்தில் சாலைத் துறையில் புல்டோசர் ஓட்டியிருந்தார். அவள் பல தடவை போய் நின்று, அவர் பல தடவை முகம் கொடுக்காமல் இருந்து, ஒரு பிற்பகலில் லாரி எதுவும் வராத நேரத்தில் அவராகவே ஆரம்பித்தார். ராணுவத்தார் அவரை இயந்திரத்தோடு உரக் கிடங்கின் பின்பக்கம் கூட்டிப் போனார்கள். அங்கே நீளமாக ஒரு வாய்க்கால் இருந்தது. மண்ணைத் தள்ளி மூடு, கீழே பார்க்காதே என்றார்கள்.

"மேல உக்காந்திருக்கவன்கிட்ட கீழ பார்க்காதேன்னு சொன்னா எப்படிம்மா?" என்றார். "ஒருத்தர் கண்ணாடி போட்டிருந்தார். அவ்வளவுக்கும் அந்தக் கண்ணாடி கழண்டு விழவே இல்ல. எனக்கு இன்னமும் அதான் கண்ணுல நிக்குது."

இருந்த மண் போதவில்லை என்று ஆற்று மணலை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள் என்றும் சொன்னார். வெள்ளை மணல். அதையும் அவர் பரப்பிவிட்டார். வேலை முடிந்ததும் அவரை உடனே அனுப்பிவிட்டார்கள்.

"என் பேர் வரக் கூடாது. என் வேலையும் வரக் கூடாது. புல்டோசர்னு ஒரு வார்த்தை வந்தா நான்னு தெரிஞ்சிடும். என் பையன் இப்ப ராணுவத்துல இருக்கான்மா."

"வராதுண்ணே."

அந்தப் பத்திரிகையில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சட்டை மாற்றுவது என்று சொல்வார்கள். பேசியவரைக் காப்பாற்ற, அவருடைய தொழிலையோ வயதையோ வேறாக எழுதுவார்கள். அவர் சொன்ன விஷயத்தில் கை வைக்கக் கூடாது, சட்டையை மட்டும் மாற்றலாம். மாற்றிப் போடும் சட்டை உலகத்தில் யாருக்கும் பொருந்தாததாக இருக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் இதை ஒப்புக்குச் செய்வார்கள். அவள் அப்படியல்ல. முன்பு ஒரு செய்தியில் ஒருவரைத் தபால்காரர் என்று எழுதுவதற்காக, அந்தத் தெருவில் அப்போது தபால்காரரே இல்லை என்பது உறுதியாகும் வரை செய்தியையே நிறுத்தி வைத்தவள்.

மேலே உட்கார்ந்திருந்ததால் பார்த்தார் என்பது இந்த சாட்சியத்தின் உயிர். அதை விட முடியாது. அதனால் உயரத்தில் உட்காரும் வேறொரு தொழில் வேண்டும். மணல் லாரி என்று எழுத முடியாது, உண்மையிலேயே மணல் லாரிகள் வந்திருக்கின்றன.

"தண்ணி லாரி ஏதாவது வந்துச்சாண்ணே அன்னைக்கு?"

"தண்ணியா? குடிக்கவே ஒரு சொட்டு கிடைக்கல அங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கடைசி வரைக்கும் இருந்தேன்மா. வரல."

இன்னொரு நாள் போய் மறுபடியும் கேட்டாள். அதே பதில். ஆகவே, 'அன்று அங்கே தண்ணீர் லாரி ஓட்டிச் சென்ற ஒருவர்' என்று எழுதினாள். வாய்க்காலைப் பற்றி எழுதினாள், கண்ணாடியைப் பற்றி எழுதினாள். வெள்ளை மணலை மட்டும் எழுதவில்லை. எந்தச் செய்தியிலும் ஒரு விவரத்தை வெளியே விடாமல் தன்னிடமே வைத்துக்கொள்வது அவள் பழக்கம். பின்னால் யாராவது வந்து நானும் பார்த்தேன் என்றால், உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. தொலைபேசி ஓயவில்லை. அந்த வாரம் முடிவதற்குள், முன்கூடத்துக் கவுண்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா தொங்கியது. எடுத்து வைக்க மறந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள்.

"உரக் கிடங்கைப் பத்தி எழுதினது யாரு?"

"நான்தான். சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட எப்ப பேசினார்?"

"உங்க வீட்டுக்காரர் யாரு?"

"விளையாடாதீங்க. தண்ணி லாரி ஓட்டுறவர்."

நடந்துகொண்டே பேசியவள் நின்றாள்.

"அவர் என்கிட்ட பேசலம்மா. எனக்கு அவரைத் தெரியவே தெரியாது."

"அவரும் அதைத்தான் சொன்னார். நான்தான் நம்பல." அந்தப் பெண் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இத்தனை வருசமா எங்கிட்ட சொல்லாததை ஒரு பேப்பர்காரிகிட்ட போய்ச் சொல்லியிருக்காரேன்னு எனக்குக் கோவம். காலைல வந்து விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போறாங்க, திரும்பிப் பார்க்கிறார், நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்."

"அவர் அங்க போனாரா? உரக் கிடங்குக்கு?"

"எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். வந்தவங்க வாசல்ல நின்னு கேட்டதே அதான். கிடங்கைக் கழுவினதை யார் யார்கிட்ட சொன்னேன்னு."

கழுவியிருக்கிறார்கள். புல்டோசர்காரரை அனுப்பிவிட்ட பிறகு தண்ணீர் வந்திருக்கிறது. காலியாக இருந்த கிடங்கைப் போர் நடுவில் எதற்குக் கழுவ வேண்டும்? யாருமே இல்லை என்று இத்தனை காலம் சொன்னவர்கள், 'தண்ணீர் லாரி' என்று அச்சில் பார்த்ததும் யார் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும் என்று சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் கேட்டும் கிடைக்காத பதிலை அவர்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உடம்பெல்லாம் ஓடியது. எதிரே நின்ற பெண்ணின் விரலில் நாடா இறுகி, நுனி வெளுத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது.

"அவர் பேசலைன்னா, பேசலைன்னு எழுதுங்க" என்றாள் அந்தப் பெண். "அவ்வளவுதான் நான் கேக்கிறது."

ஆசிரியர் அறையில் அன்று வாக்குவாதம்.

"திருத்தம் போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம். ஒரு வரி பொய்னு நாமளே ஒத்துக்கிட்டா மிச்சம் எல்லாத்தையும் கீழ கொட்டிடுவாங்க."

"தெரியும் சார்."

"உன் உழைப்பு முழுக்க."

"ஒரு ஆளை உள்ள வச்சுட்டு எதை சார் காப்பாத்துறது?"

"அப்ப கழுவினதைப் போடு. வாசல்ல நின்னு அவங்களே கேட்டிருக்காங்களே! இதைவிட என்ன வேணும்?"

அவளுக்கும் நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. "போட்டா, அதைச் சொன்னது அந்தப் பொம்பளைன்னு உடனே தெரியும். அப்புறம் வீட்டோட உள்ள போவாங்க" என்றாள். வாழ்க்கையிலேயே பெரிய செய்தி கையில் இருக்கிறது, தொட முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். ஆசிரியர் அன்று கால் வலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முதலில் அந்த மனிதரை வைத்திருந்த கட்டடத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார்.

"அவர் உங்ககிட்ட பேசலைன்னு சொல்றீங்க. சரி. அப்ப பேசினது யாரு? சொல்லிட்டுப் போங்க, இவர் வீட்டுக்குப் போகட்டும். ஆளுக்கு ஆள்."

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப இவரை விடணும்னு உங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்ல."

"ஒண்ணு மட்டும் கேக்கிறேன். அங்க யாருமே இல்ல, கிடங்கு காலின்னுதானே சொல்றீங்க? காலிக் கிடங்கைப் பத்தி ஒருத்தர் என்ன சொல்லிட முடியும்னு பிடிச்சு வச்சிருக்கீங்க?"

அதிகாரி மேசையில் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தார். வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கிருந்து நேராக எடை மேடைக்குப் போனாள். திருத்தம் போட்டால், பேசியவர் வேறு யாரோ என்று ஊருக்குத் தெரியும். தேட ஆரம்பிப்பார்கள். அவரைக் கேட்காமல் அதைச் செய்ய முடியாது.

புல்டோசர்காரர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எடைச் சீட்டுப் புத்தகத்தை மூடினார்.

"தண்ணி வரலைன்னு நான்தானே சொன்னேன்."

"நீங்க போனதுக்கு அப்புறம் வந்திருக்குண்ணே."

"கழுவினாங்களா?" என்றார். பிறகு, "அப்ப உள்ளேயும்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இத்தனை வருடங்களாக அவர் நினைவில் வாய்க்கால் மட்டும்தான் இருந்தது. இப்போது கிடங்கின் உள்பக்கமும் சேர்ந்துகொண்டது. அதைக் கொடுத்ததும் அவள்தான்.

"நான் போய்ச் சொல்லிடட்டுமா? நான்தான்னு?" கேட்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "பையனுக்கு..."

"அதைக் கேக்க வரலண்ணே. சட்டை மாத்தினோம்னு எழுதப் போறேன். அதுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க."

"எழுதினா என்னைத் தேடுவாங்க."

"தேடுவாங்க."

"நீங்க சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

மேடை மேல் ஏறி நின்ற ஒரு லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். "இருய்யா, உன் லாரி எடை குறைஞ்சா போயிடும்?" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, இவள் முகத்தைப் பார்க்காமலே, "எழுதுங்க" என்றார்.

திருத்தத்தை உள்பக்கத்தில் போடலாம் என்று ஆசிரியர் கடைசி வரை சொல்லிப் பார்த்தார். செய்தி வந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில்தான் வர வேண்டும் என்று அவள் நின்றாள். அவளே எழுதினாள். 'எங்களிடம் பேசியவர் தண்ணீர் லாரி ஓட்டுநர் அல்ல. அவருடைய பாதுகாப்புக்காக அவர் தொழிலை நாங்கள் மாற்றி எழுதினோம். எந்தத் தண்ணீர் லாரி ஓட்டுநரும் எங்களிடம் பேசியதில்லை. மாற்றியது நாங்கள், தவறும் எங்களுடையது. அவர் சொன்ன வேறு எதையும் மாற்றவில்லை.'

கடைசி வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. செய்தித் தொடர்பாளர் நிருபர்களைக் கூட்டி, "உரக்கார அம்மா கலப்படம் பண்ணிட்டாங்க" என்றார். கூடமே சிரித்தது. மற்றப் பத்திரிகைகளுக்கு அதுவே தலைப்பானது. அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தம்பியின் படத்தை முதன்முதலில் கொண்டுவந்த பெண் மறுபடி கவுண்டருக்கு வந்ததுதான். அவளுக்கு இப்போது பாதித் தலை நரைத்திருந்தது.

"அப்ப அது எல்லாம் பொய்யாம்மா?"

"இல்லக்கா. தொழில் ஒண்ணுதான்."

"எது ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

தண்ணீர் லாரிக்காரரைக் காரணம் எதுவும் சொல்லாமல் பிடித்தது போலவே, காரணம் எதுவும் சொல்லாமல் ஒருநாள் விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி காதில் விழுந்ததிலிருந்து அவள் வீட்டில் நடை இன்னும் கூடியது. ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே போய், சுவரைத் தொட்டு, திரும்பி வந்தாள்.

"போய்ப் பார்த்துட்டு வந்துடு. தரை தேயுது" என்றார் கணவர், கம்ப்ரசருக்குள் தலையை விட்டபடி.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

"உள்ளதை வச்சுக்கிட்டுப் போ. வேற ஸ்டாக் இல்ல."

அவள் போகவில்லை. அந்தத் தையல்காரப் பெண்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள். "உங்களைப் பார்க்கணும்கிறார். எனக்கு இஷ்டமில்ல. ஆனா வாங்க."

சின்ன வீடு. வாசலில் லாரி நின்றது, தொட்டியில் தூசி படிந்திருந்தது. முன்னறையில் தையல் இயந்திரம், அதைச் சுற்றிக் கை தைக்காத சட்டைகள். அந்த மனிதர் சுவரில் முதுகை ஒட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் கொஞ்சம்கூட இடம் விடவில்லை.

"மன்னிக்கணும்" என்று அவள் ஆரம்பித்தாள். மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் ஜன்னல் வரை போனாள், இயந்திரம் வரை திரும்பி வந்தாள், மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை இரண்டும் முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தன.

"உக்காருங்க" என்றாள், இயந்திரத்தின் முன் தைத்துக்கொண்டிருந்த மனைவி. "அங்க இவரை நிக்க வச்சுட்டுப் பின்னால யாரோ நடந்துகிட்டே இருந்தாங்களாம். இப்ப யார் நடந்தாலும் இவருக்கு ஆகல."

அவள் அப்படியே பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டைத் துணி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டதுகூடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"நான் பேசவே இல்லைன்னு பேப்பர்ல போட்டுட்டீங்க."

"ஆமாங்க. அதான் உண்மை."

"உண்மைதான். படிச்சப்ப ஒரு மாதிரி இருந்துச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "பேசாததுக்கே வாங்கியாச்சு. பேசிட்டாவது வாங்கியிருக்கலாம்."

"போதும். நீங்க திரும்பி வந்ததே போதும்" என்றாள் மனைவி.

இவளும் அதையே சொன்னாள். "இன்னைக்குக் கோவத்துல சொல்லாதீங்க. ஆறப் போடுங்க. சொன்னா உங்க பேரோடதான் இனிமே என்னால போட முடியும். உங்களுக்கு மாத்தித் தர வேற சட்டை என்கிட்ட இல்ல."

அவர் அவளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "உங்கிட்ட சொல்லலைன்னுதானே உனக்குக் கோவம். இப்ப உங்கிட்டதான் சொல்லப் போறேன். இவங்க பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். கேட்டு முடிச்சதும், பேரைப் போடுறதா வேண்டாமான்னு நீயே சொல்லு."

மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை இறக்கிவிட்டு, மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

அவர் சொன்னார். இரண்டு நடை தண்ணீர் கேட்டார்கள். குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கிடங்கின் உள்ளே உர மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கி, சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருந்தார்கள். ஒரு அறையில் துணி காயப் போடக் கயிறு கட்டியிருந்தது. ஆள் யாரும் இல்லை. தரையைக் கழுவச் சொன்னார்கள். கழுவினார். பின்கதவு வழியாகத் தண்ணீர் வெளியே போனது, ஆனால் ஓடவில்லை, அங்கேயே தேங்கி நின்றது.

"போறதுக்கு வழி இல்ல. வாய்க்காலைத் தூர்த்துட்டாங்க. மேல புதுசா ஆத்து மணல் கிடந்துச்சு. வெள்ளை வெளேர்னு. நான் அடிச்ச தண்ணி போய் அந்த மணல்ல நின்னுச்சு. நின்னு, நிறம் மாறுச்சு."

வெள்ளை மணல். அது எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. புல்டோசர்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் கால்கள் எழுந்துவிடப் பார்த்தன. நாற்காலிக்கு அடியில் ஒன்றோடு ஒன்றைப் பின்னி, இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன நிறம் என்று கேட்க வேண்டும். எப்போதும் கேட்கிறவள் அவள். கேட்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும் வரை அந்த அறையில் எதுவும் அசையவில்லை.

முடித்ததும் மனைவி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் டம்ளரை வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"இவர் பேரை மட்டும் போட்டா இவர் தனியா நிப்பார்" என்றாள் மனைவி. "என் பேரையும் போடுங்க. வாசல்ல வந்து அவங்க கேட்டது என் காதுலதான் விழுந்துச்சு. கழுவினதைப் பத்தித்தான் கேட்டாங்க. நான் சொல்றேன்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா பயமா இருக்கு. அதான் யோசிக்காம சொல்றேன். எழுதிக்குங்க." தன் பெயரையும் கணவர் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இவள் எழுதியதை வாங்கிப் பார்த்து, சரிதான் என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "இப்ப நீங்க எந்திரிக்கலாம். உங்களுக்கு உக்காந்து பழக்கமில்ல போல" என்றாள்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன.